மேற்கு ஜன்னலுக்கு அளவு

அடுத்தவர் வீட்டு மீட்டரைப் படிப்பது என் வேலை.
நீடாமங்கலத்தில் எந்த வீட்டுக்கு ஏ.சி. வந்தது,
எவர் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு ஊருக்குப் போனார்,
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எனக்குத் தெரிந்துவிடும்.
என் வீட்டு அட்டையில்
சித்திரைக் கணக்கை எழுதும்போது மட்டும்
கை கொஞ்சம் நின்றது:
ஐந்நூற்று முப்பத்தெட்டு.

ஐந்நூறைத் தாண்டினால் விலையின் முகமே மாறிவிடும்.
ஊருக்கெல்லாம் அதை விளக்கியவன்
மாடிப்படி ஏறினேன், மெதுவாக.

மேற்கே ஒரே ஜன்னல், அதனடியில் அவள் மெஷின்.
தையல்நாயகி என்று கோயில் பார்த்து வைத்த பெயர்
தொழிலாகவும் ஆகிப்போனதில்
அவளுக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம்.
இரண்டு மணிக்குக் கம்பிக்குள் தலையை விடும் வெயில்
தரையில் இறங்கி, பீரோவில் ஏறி,
நாலு மணிக்கு அவள் மடியில் உட்காரும்.
மின்விசிறி அந்தச் சூட்டையே கிண்டிக் கிண்டிப் பரிமாறும்.
சுவர் குடித்ததை ஏ.சி. உறிஞ்சி எடுக்க
நடுநிசி தாண்டும்.

"திரை வாங்குவோம்" என்றேன்.
கழுத்திலிருந்த டேப்பை உருவி
ஜாக்கெட்டுக்கு எடுப்பதுபோல எடுத்தாள்:
அகலம் நாற்பத்தெட்டு, உயரம் ஐம்பத்து நாலு,
"மூச்சு விட ரெண்டு இஞ்சு தளர்ச்சி."

மன்னார்குடிக் கடையில்
இருட்டை மீட்டர் கணக்கில் விற்றார்கள்.
மூன்றடுக்குத் துணிக்கு அடியில்
செல்போன் டார்ச்சை வைத்துக் காட்டினார் ஜமால் முகைதீன்.
பொட்டு வெளிச்சம் இல்லை.
"கிணறு மாதிரி இருக்கும்" என்றார், புகழாகத்தான்.
"கிணத்துக்குள்ள எப்படிங்க ஊசி கோக்கிறது?"
பகலில் டியூப்லைட் எரிந்தால் எத்தனை யூனிட் என்று
என் தலை தானாகக் கூட்டியது.

கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளுக்கு
வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.
வெட்டிவேர்த் தட்டிக்கு
வேளைக்கு வேளை தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும்,
அந்த ஈரத்தில் ஜரிகை என்ன ஆவது?
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வைரக்கண்ணு
நெல் மூடிய தார்ப்பாய் ஒன்றைச் சும்மாவே தந்தான்.
இரண்டு நாள் கட்டினோம்.
அறை முழுக்க நீலம், அவியல் வாடை.
புழுங்கலரிசி ஆகாமல் தப்பித்தோம்.

ரோஸ் நிறத் திரை ஒன்றை உள்ளே மாட்டியும் பார்த்தாயிற்று.
தொட்டால்
காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகு.
கண்ணாடியைத் தாண்டி வந்து உட்கார்ந்தபின்
விருந்தாளிக்கு முகத்தைத் திருப்பி என்ன பயன்?
"வாசல்லயே நிறுத்தணும் அதை" என்றாள்.

அப்படித்தான் சன்ஷேடுக்குக் கீழே, வெளிப்புறமாக,
மூங்கில் தட்டி வந்தது.
இரண்டு கொக்கி, ஒரு கப்பி, நைலான் கயிறு,
சுவரில் துளை போட வீட்டுக்காரருக்கு
அரைக்கிலோ அசோகா.

மதியம் ரயில்வே கேட் மூடும்போது தட்டி இறங்கும்.
வெயில் இப்போது
கரைபோட்ட துண்டு மாதிரி மெலிசாக, மடித்து வருகிறது.
காற்றுக்கும் வழி இருக்கிறது.
பீரோவைத் தொட்டால் பீரோவாக மட்டும் இருக்கிறது.

ஆனிக் கணக்கு: நானூற்று எழுபத்தொன்று.
அட்டையை நீட்டினேன். அவள் நிமிரவில்லை.
தட்டி நிழலில்
நாவல்பழத் துணிக்குக் கருநீல நூல் ஓடியிருந்தது.
ரிஷியூர்க்காரம்மா
ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.
தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து கயிற்றை இழுத்தாள்.
ஒரு சாண்.
மேஜைமேல் ஒரு சாண் வெயில்.
நூற்கண்டுகளை அதில் காட்டி, திருப்பி, ஒதுக்கி,
நாலாவதை எடுத்துக்கொண்டு
தட்டியை இறக்கினாள்.
கேட் திறந்ததோ என்னவோ,
நின்ற பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

"எழுபத்தொண்ணா?" என்றாள், நூலைப் பல்லில் கடித்தபடி.
"மிச்சம் புடிச்ச காசுல
அடுப்படி ஜன்னலுக்கும் ஒண்ணு போட்டுடலாம். அளவெடுங்க."
டேப் என் மடியில் வந்து விழுந்தது.

அளந்தேன், எழுதினேன்.
அவள் பார்த்துவிட்டுச் சிரித்த பிறகுதான் கவனித்தேன்:
அகலம் முப்பத்தாறு யூனிட்.