சென்ற கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம்

ஐயா,
குறிப்பை ஏற்றுக்கொள்ளும் முன்
பக்கம் இரண்டு, பொருள் ஐந்தில்
ஒரு திருத்தம்.

‘சகோதரி ஜெசிந்தாவின் குடும்பக் காரியம்.
ஜெபிக்கப்பட்டது.’
என் கையெழுத்துதான்.

பொருள் நான்கு, ஒழுகும் கூரை.
சிங்க் தகடா ஓடா,
குளுவாங் கடையில் என்ன விலை,
யார் லாரி,
முக்கால் மணி நேரம் பேசினோம்.
ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்.
அவளுக்கு ஒன்றரை வரி.

ரெங்கம் வெயிலில்,
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும் ஆராதனையில்,
மணிக்கட்டு வரை மூடிய சட்டை.
கேட்டதற்குச் செம்பனை முள் என்றாள்.
நானும் செம்பனைக் காட்டில் வளர்ந்தவள்.
எந்த முள்ளும்
நாலு விரல் அகலத்துக்குக் குத்தாது.
தெரிந்துதான் சொன்னேன்
‘பார்த்து நட தங்கச்சி.’

அவன் சிரித்த பிறகே அவள் சிரிப்பாள்.
அவள் கைப்பேசி
அவன் சட்டைப்பையில் இருக்கும்.
பாட்டு எண் அறிவிக்கும் தனராஜின் குரல்
எவ்வளவு இனிமை என்று
இந்த மேசையில் எல்லோரும் சொல்லியிருக்கிறோம்.
காணிக்கைப் பையை அவன் நீட்டிக்கொண்டு வருவான்.
அந்த வரிசைக்கு வந்ததும்
அவன் மகள், ஆறு வயது,
இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள்.
வெட்கம் என்று சிரித்தோம்.

லெந்து நாட்களில்
பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்தாள்.
‘அக்கா, ஒரு ராத்திரி மட்டும்
உங்க வீட்டுல...’
குழாயை மூடாமலே பதில் சொன்னேன்:
‘பொறுத்துப் போம்மா. மாறிடுவாரு.’
இதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.
சொன்னவர்: செயலாளர்.

அப்புறம் நாம் செய்ததையும்.
இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம்.
மைலோ கலக்கிக் கொடுத்தோம்.
எதிரில் அவன் இருக்க
‘மனம் திறந்து பேசு’ என்றோம்.
அவள் பேசவில்லை;
குறை ஒன்றுமில்லை என்று முடிவு கட்டினோம்.
கை கொடுக்கச் சொன்னோம்.
ஒரே காரில் அனுப்பி வைத்தோம்.
சமாதானம் என்று எழுதினேன்.
அந்தக் கார் வீடு போய்ச் சேர்ந்த பிறகு
குறிப்பெடுக்க ஆள் இல்லை.

செவ்வாய் இரவு
பழக்குலை ஏற்றிய லாரியில் இருந்து
பிள்ளையோடு என் வாசலில் இறங்கினாள்.
காலில் ஒரு செருப்பு.
நான் ஜெபிக்கவில்லை ஐயா,
கார் சாவியைத் தேடினேன்.
ஆஸ்பத்திரியில் இருந்து போலீஸ் நிலையம்.
யார் அடித்தது என்று மலாயில் கேட்டார்கள்.
என்னைப் பார்த்தாள்.
வாய் வரை வந்த பெயரை
விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன்.
அவளே சொல்ல நாற்பது நிமிடம் ஆனது.

இப்போது எங்கே இருக்கிறாள் என்று
கேட்காதீர்கள்.
எனக்குத் தெரியும்.
இந்தப் புத்தகத்தில் வராது.

அவன் அழுதான் என்கிறீர்கள்.
முழங்காலில் நின்றான் என்கிறீர்கள்.
நிற்கட்டும்.
ஞாயிறு முதல் காணிக்கைப் பையும்
பாட்டுப் புத்தகமும் அவன் கையில் வேண்டாம்.
உடல்நலக் குறைவால் ஓய்வு
என்று அறிவிக்கவும் வேண்டாம்.
கூரைக்கு ஒதுக்கிய எண்ணூறு ரிங்கிட்
அவள் வாடகைக்குப் போகட்டும்.
மழை வந்தால்
வாளி வைத்துக்கொள்வோம்,
பழக்கம்தானே.

சபைப் பெயர் கெடும் என்றார்
மூத்தவர் இஸ்ரவேல்.
அண்ணே,
அவள் முழுக்கைச் சட்டைக்குள்
மறைத்துக்கொண்டு வந்தது
நம் பெயரைத்தான்.

திருத்தத்தை முன்மொழிகிறேன்.
வழிமொழிபவர்?

மணி எட்டு இருபது.
மின்விசிறி சுற்றுகிறது.
டிரெஸ்ஸர் ஆபிரகாம் கண்ணாடியைத் துடைக்கிறார்.

அவசரமில்லை.
பேனாவில் மை இருக்கிறது.
யாரும் கை தூக்காவிட்டால்
அதையும் எழுதுவேன்,
பெயர் பெயராக.