ஈரம் புகாத அலமாரி

கோத்தகிரியில் ஜூன் பிறந்தால்
உப்பு தண்ணீராகும்,
தீக்குச்சி மாவாகும்.
என் இரும்பு அலமாரிக்குள் மட்டும் வெயில்.
கீழ்த்தட்டில் நாற்பது வாட் குண்டு பல்பு
இரவும் பகலும் எரிகிறது.
அதைச் சுற்றி, குளிர்காயும் வாட்ச்மேன்கள்போல,
என் ரேடியோக்கள்.

ஒன்று உக்கடத்தில் எடைக்கு வாங்கியது.
தராசில் ஏற்றியபடி கடைக்காரர் கேட்டார்:
"பாட்டு வருமாம்மா இதுல?"
"வராது. பேசலாம்."
"யாரோட?"
அதற்குத் தனி விலையா என்றேன்.
சிரிக்காமல் எட்டு ரூபாய் குறைத்தார்.

மடியில் வைத்து மலையேறினேன்.
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
குஞ்சப்பனை வளைவில் பக்கத்து சீட்டுப் பையன் குமட்டியபோது
முந்தானையால் மூடியது டயலைத்தான்.

எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தது
மோர்ஸ் சாவி.
பூட்டு எங்கே என்று தேடினார் தியோடர்.

செருப்புக் கடையில் நின்று
ஷூ வாங்குகிறவர்களிடம்
'சாப்பிடக் கூடாது' பொட்டலத்தை மட்டும் கேட்டு வாங்குவேன்.
இப்போது கடைக்காரரே எடுத்து வைக்கிறார்,
எனக்கு ஏதோ நோய் என்று நினைத்து.

பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன்:
வேலை செய்கிறது.
ஒருநாள் வேலை செய்யும்.
கேட்கும், பேசாது.
மூன்றாவது பெட்டி நான்தானே என்றார் தியோடர்.

சேதி எப்படியோ லைன் முழுக்கப் பரவிவிட்டது.
பிள்ளை பெற்ற எப்சி
குழந்தைத் துணிகளோடு வந்தாள்.
லிங்கம்மாவின் கல்யாணப் பட்டு வந்தது,
பீன்ஸ் விதை வந்தது,
யாருடையதோ நிலப் பத்திரம் வந்தது.
டிரான்ஸ்மிட்டர் மேல் ஜட்டி காய வைப்பது பற்றி
எந்தக் கையேட்டிலும் ஒரு வரி இல்லை.

ஆகஸ்டில் கட்டபெட்டுப் பக்கம்
சில்வர் ஓக் மரம் கம்பியில் சாய்ந்தது.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
கையில் ஒரே ஒரு கார் பேட்டரி.
அதில் சின்ன பல்பை எரிக்கலாம். எல்லாம் காயும்.
அல்லது பேசலாம்.
இரண்டுக்கும் போதாது.

முதல் இரவு பல்பு.
இரண்டாம் இரவும் பல்பு.
மூன்றாம் இரவு
கதவிடுக்கில் நுழைந்த பனி
வாடகை கொடுத்தவன்போல அறை நடுவில் நின்றது.
நான் பல்பைக் கழற்றினேன்.

ஆண்டெனா ஏற்கெனவே போயிருந்தது.
போன வாரம் காட்டெருமை ஒன்று
கொம்பில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிவிட்டது.
மிச்சக் கம்பியைக் கொய்யா மரத்தில் வீசி
உக்கடத்து செட்டில் இணைத்து
அழைப்புக்குறியை மூன்று முறை சொன்னேன்.

இரைச்சல்.
நாலாவது முறை,
"பூம்பாறையிலிருந்து குழந்தைவேல்."

அவர் பழனி மலையில், நான் நீலகிரியில்.
நடுவே கோவை, பல்லடம், உடுமலை,
விளக்கு போட்ட சமவெளி முழுக்க.
அத்தனை பேர் தலைக்கு மேலே
நாங்கள் பேசியது:

"உங்க பக்கம் ஈரம் எப்படி?"
"டயல் கண்ணாடிக்கு உள்ளயே பூஞ்சை."
"அரிசில போட்டுப் பாத்தீங்களா?"
"அரிசியும் பூத்துருச்சு."

அவர் ரேடியோவை அடுப்பு மேல் பரணில்
பூண்டோடு வைக்கிறாராம்.
மைக்கில் எந்நேரமும் பூண்டு நெடி.
இங்கே வரவில்லை என்றேன்.
வந்தா சொல்லுங்க, ஆண்டெனா நல்லாருக்குன்னு அர்த்தம் என்றார்.

முள் சிவப்பில் விழுந்தது.
அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார்,
வெள்ளைப் பூண்டா, வெள்ளிக்கிழமையா, தெரியவில்லை.

காலையில் எப்சி வந்தாள்.
அலமாரியில் கைவிட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கே அக்கா."

"ஆமாம். ராத்திரி பேசிட்டேன்."