உள்விளிம்பு

பதினேழாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கிறது.
ஜாக்கியில் தொங்கும் காரின் கீழே குந்தியிருந்து
அமலதாஸ் ரோச் அடித்துப் பார்க்கிறார்.
வெளிப்பக்கம் கோடுகள் இன்னும் இருக்கின்றன.
உள்விளிம்பு மொட்டை.
"கையை விட்டுத் தடவிப் பாருங்கோ" என்கிறார்.
கம்பியொன்று விரலைக் கீறுகிறது.

ஸ்ரான்லி வீதியில் பகல் பதினொரு மணி.
கடைக்கு முன்னால் நிற்கிற சிவப்புக் கார்
என்னுடையதென்று நம்பாத ஒருவர்
"தம்பி ஆரும் வெளியில இருந்து வந்து நிக்கிறாரோ?"
என்று கேட்டுவிட்டுப் போகிறார்.
இல்லை ஐயா.
பதின்மூன்று வருசம் உயர்தரத்துக்குக் கணக்கீடு படிப்பித்த காசு.

ஒவ்வொரு தை மாதமும் வெண்பலகையில் எழுதுவேன்:
தேய்மானம்.
நேர்கோட்டு முறை. ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவு.
ஒரு பொருள் ஒழுங்காக, மரியாதையாகப்
பழசாகிற முறை.
பிள்ளைகளும் நம்பி எழுதிக்கொள்வார்கள்.
இந்த ரயரை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுபோக வேணும்.

"மெத்து ரப்பர் ரீச்சர், கொம்பனி போட்டு விட்டது.
றோட்டைப் பிடிக்கும். பிடிக்கப் பிடிக்கக் கரையும்."
"கரையிறதை ஏன் சனம் திரும்பத் திரும்ப வாங்குது?"
"பிடிக்கிறதாலதான்."

கெவின் மூன்றைச் சுவரில் சாத்தி வைக்கிறான்.
பழையதே திரும்ப, ஒன்று தொண்ணூறாயிரம்.
கல்லுப்போல ஒன்று, நாற்பத்தைந்து,
அறுபதாயிரம் ஓடுமாம், மழைக்கு மட்டும் "கொஞ்சம் பாத்து."
நடுவில், பெயர் வாய்க்குள் நுழையாத ஒன்று,
அறுபத்திரண்டு. நனைந்த றோட்டில் நல்லா நிக்குமாம்.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறேன்.
மெத்துக்குக் கிலோமீற்றருக்கு இருபத்தொரு ரூபா.
கல்லுக்கு மூன்று.
கல்லுத்தான், பேச்சே இல்லை
என்று அடிக்கோடு போட்ட பிறகு ஞாபகம் வருகிறது:
நான் வருசம் ஏழாயிரம்தான் ஓடுகிறேன்.
அறுபதாயிரம் முடிய எட்டரை வருசம்.
அதற்கு முதல் இந்த வெயிலில் ரப்பர் வெடித்துவிடும்.
ஓடாத தூரத்துக்கும் சேர்த்துக் காசு கட்டியிருப்பேன்.
எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில்
ஒரு பீங்கான் செற் இருக்கிறது, அதைப்போல.

"அலைன்மென்ற்றும் பிழைதான்" என்கிறார் அமலதாஸ்.
"ஆனா முழுப் பழியையும் அதில போடேலாது."
கழற்றிய சில்லை வெளிச்சத்துக்குத் திருப்புகிறார்.
ஒரு டொக்டர் படத்தைப் பார்க்கிறதுபோல் பார்க்கிறார்.
"உது ரியூசனுக்குப் போய்வாற ரயர் இல்லை, ரீச்சர்."

நான் பில் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரவு ஒன்பதரை. கடைசி வகுப்பும் விட்டபின்
பண்ணையில் இரண்டு பக்கமும் கடல் கறுத்துக் கிடக்க,
அல்லைப்பிட்டிப் பக்கம் ஒரு வளைவு.
மூன்றாம் கியர். பிறேக்கில் கால் இல்லை.
ஆருக்கும் சொன்னதில்லை.
எந்தப் பேரேட்டிலும் நான் பதியாததை
உள்விளிம்பு ஒவ்வோர் இரவும் பதிந்து வைத்திருக்கிறது.

நடுவில் உள்ளதை எடுத்தேன்.
ஐப்பசி வருகிறது, பண்ணையில் தண்ணி நிற்கும்.
நல்ல காரணம்.
ஆனாலும் பழையதைக் கெவின் பின்பக்கம் உருட்டிப் போனபோது
என்னவோ கேட்க வாயெடுத்து,
"பில்லைத் தாங்கோ" என்றேன்.

முதல் இருநூறு கிலோமீற்றர் மெதுவாக ஓடட்டாம்,
மேல்மெழுகு போகும்வரை.
ஸ்ரியரிங் ஒரு சொல் பிந்திக் கேட்கிறது,
கடைசி வாங்குப் பெடியனைக் கூப்பிட்டால்
"ரீச்சர்?" என்று நிமிர்ந்து, அதற்குப் பிறகு எழும்புவானே, அப்படி.
கெட்ட பெடியன் இல்லை.

கேற்றடியில் நிறுத்திக் குனிந்து பார்க்கிறேன்.
பூனைமயிர்போல மெல்லிய ரப்பர் இழைகள்,
பக்கவாட்டில் ஒன்றும் இன்னும் உதிரவில்லை.
மீற்றரில் முப்பத்தொன்று.
மண்டைதீவுச் சந்திக்கு ஒருக்கால் போய்வந்தால்
எவ்வளவு கூடும் என்று
கை திறப்பைத் தேடுகிறது.