சீவலப்பேரி, மூன்றாம் வகுப்பு

வெள்ளம் வடிந்த இருபதாம் நாள்
பெங்களூரிலிருந்து இருபத்துமூன்று பைகள் வந்தன.
நீல நிறம். ஜிப்பில் புது பிளாஸ்டிக் வாசனை.
"பிள்ளைகளை நன்றிக் கவிதை எழுதச் சொல்லுங்க டீச்சர்,
ஆளுக்கு எட்டு வரி,
வெள்ளிக்கிழமை கூரியர்ல போட்டுரணும்"
என்றார் ஹெச்.எம்.

கரும்பலகையில் நன்றி என்று எழுதினேன்.
இன்னும் ஈரம் காயாத பலகை.
சாக்பீஸ் வழுக்கி
றியின் மேல்விலங்கு பாதியில் நின்றுவிட்டது.

அப்படீன்னா என்ன?
"மைக்ல கடைசியா சொல்லுவாங்கல்லா டீச்சர்,
அதைச் சொன்னா எந்திரிச்சுப் போயிரலாம்"
என்றான் பிரம்மநாயகம்.
"ஊரு முடியுத எடத்துல போர்டுல எழுதிருக்கும்"
என்றாள் ஜெபிஷா.
வீட்டில் யாராவது யாரிடமாவது சொல்வதுண்டா?
சிரித்தார்கள்.
அம்மையிடம் போய்ச் சொன்னால்
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாளாம்.

நானும் யோசித்தேன்.
கடைசியாக எனக்கு அதைச் சொன்னது
வண்ணார்பேட்டை ஏடிஎம் எந்திரம்.

பலகையை அழித்தேன்.
"அந்தச் சொல்லை யாரும் எழுதக் கூடாது.
அன்னைக்கு உங்களுக்கு யாரு என்ன செஞ்சாங்களோ
அதை மட்டும் எழுதுங்க.
ஆளா இருந்தாலும் சரி, ஆடா இருந்தாலும் சரி.
எதிர்ல நிக்குத மாதிரி கூப்பிட்டு எழுதுங்க."

சில பென்சில்கள் நகர்ந்தன.
சிலவற்றைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.
மைதீன் தண்ணி என்று எழுதினான், அழித்தான்,
எழுதினான், அழித்தான்,
தாளில் ஓட்டை விழுந்தது.
ஓட்டையோடு வாங்கிக்கொண்டேன்.

ஜெபிஷா:
    பொன்செல்வி அத்தை வீட்டு மாடியே
    எங்க அம்மையும் அத்தையும் பேச மாட்டாங்க
    குழாயடிச் சண்டை
    அன்னைக்கு நீ முப்பத்தோரு பேரைத் தாங்குன
    அத்தை எனக்குப் போர்வை தந்தாங்க
    இப்பவும் ரெண்டு பேரும் பேசதில்ல
    ஆனா எங்க குடத்தை
    வரிசையில தள்ளி வைக்கதில்ல

ஆவுடைச்செல்வி:
    எருமையே
    உன் கயித்தை அவுக்க எங்களுக்கு நேரமில்ல
    நீயே அத்துக்கிட்ட
    நாலு நாள் கழிச்சு நீயே வந்துட்ட
    முதுகுல ஒரு கொக்கோட
    அது யாரு?

பிரம்மநாயகம் பெரிய எழுத்தில்:
    ஆறே
    என் ஒரு செருப்பை எடுத்துக்கிட்ட
    தம்பியை விட்டுட்ட
    செருப்பு உனக்கே இருக்கட்டும்

கடைசி பெஞ்சில் முப்பிடாதியின் தாள் வெள்ளையாக இருந்தது.
"எங்க வீட்டுக்கு போட் வரல டீச்சர். நான் என்னத்த எழுத?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
அதையே எழுது என்றேன்,
சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

    போட்டே, நீ வரல
    எங்க அப்பா கதவைக் கழத்துனாங்க
    நானும் அம்மையும் அதுல படுத்துக்கிட்டோம்
    அப்பா நீந்திக்கிட்டே தள்ளுனாங்க
    இப்ப அதைத் திரும்ப மாட்டியாச்சு
    ஊதிப்போய் மூட மாட்டேங்கு
    கதவே

அங்கே நின்றுவிட்டாள்.
மணி அடித்தது. எல்லோரும் சோற்றுக்கு ஓடினார்கள்.
அவள் மட்டும் வந்து கேட்டாள்:
"டீச்சர், இந்த ஒரு எடத்துல மட்டும்
அந்தச் சொல்லை எழுதிக்கிடட்டா?
வேற ஒண்ணும் வர மாட்டேங்கு."

எழுத்துக்கூட்டிச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் பலகையைப் பார்த்துவிட்டாள்.
சரியாக அழித்திருக்கவில்லை நான்.
ஈரத்தில் வெளிறித் தெரிந்ததை
ஒவ்வொரு கோடாகப் பார்த்து எழுதினாள்,
பாதி மேல்விலங்கோடு.

தாள்களைப் புரட்டிய ஹெச்.எம். கேட்டார்,
"பையைப் பத்தி ஒரு வரிகூட இல்லியே டீச்சர்?"
நியாயம்தான்.
திரும்பவும் வகுப்புக்குப் போனேன்.
எல்லோருக்குமாகச் சேர்த்து
ஜெபிஷாவே எழுதித் தந்தாள்:

    பை நல்லாருக்கு
    ரெண்டு ஜிப்பு இருக்கு
    உள்ள தண்ணி போவுமா?