பிடிமானம்

எட்டு மாதமாய் ஒரே இடம்.
ஒரே இடம் என்றால் ஒரு வட்டம்.
சங்கிலி விட்ட தூரம் வரைக்கும்
காற்று எங்களைச் சுற்றிக் காட்டும்.
காலையில் அடுப்பு மூலை ஜன்னலில்
யாரிசெலின் தீவு, கூரைகள், புகை.
வெயிலேறினால் அதே ஜன்னலில்
பவளத்திட்டில் உடையும் நுரை.
பொழுது சாய்ந்தால்
அடுத்த படகில் காயும்
லுபோமிரின் உள்ளாடை.

வட்டம் கணக்கைவிடச் சின்னதாய் இருக்கிறது
என்று ஐவார் ஒருநாள் சொன்னான்.
நான் அரிசியில் வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மீட்டர் படகு.
நிமிர்ந்து நிற்க ஓரிடம்தான் உண்டு,
அங்கே இருவர் சேர்ந்து நிற்க முடியாது.
சண்டை வந்தால் அவன் அணியத்தில்,
நான் சுக்கான் ஓரம்.
அதற்கு மேல் பிரிந்துபோக நீளமில்லை.
மழை இறங்கினால் அதுவும் போச்சு:
வாளி எங்கே, தார்ப்பாயைத் தூக்கு,
முதல் தண்ணி உப்பு, விடு, விடு,
இப்போ பிடி!

பாட்டரி பன்னிரண்டு புள்ளி நாலு காட்டினால்
விசிறி ஓடலாம்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று என்றால்
வேர்த்துக்கொண்டு படு.
தகர டப்பாக்களின் காகிதம் ஊறி உரிந்துவிட்டது.
பட்டாணி என்று திறந்தால் பீச்சுப் பழம்.
தின்றோம்.

வியாழக்கிழமைகளில் யாரிசெல் தோணியில் வருவாள்,
முழங்கால் வரை மணி கோத்து.
அவகாடோ, வாழை,
கால் கட்டிய கோழி ஒன்று (வேண்டாம்),
சார்ஜ் ஏற்ற இரண்டு போன்.
எப்போது கிளம்புகிறீர்கள் என்பாள்.
காற்று மாறட்டும் என்போம்.
'நீங்கள் வந்த பிறகு
எத்தனை முறை மாறிவிட்டது தெரியுமா?'
குனா யாலாவில் எல்லாரும்
எங்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது,
விலை குறைக்காத சிரிப்பு.

போன செவ்வாய் இரவு
தென்மேற்கில் மின்னல் நடந்து வந்தது.
ஒரு மூச்சு நேரம் காற்றே இல்லை.
பிறகு படகு சாய்ந்த சாய்வில்
கெட்டில் என் தோளில் வந்து உட்கார்ந்தது.
மழைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைச் சுவர் நெருங்கியது:
லுபோமிரின் படகு,
நங்கூரத்தை நாய்க்குட்டிபோல் இழுத்துக்கொண்டு.
கியர்பாக்ஸ் பாகத்துக்காக
ஏழு மாதம் காத்திருக்கும் மனிதன்
அணியத்தில் நின்று செக் மொழியில் கத்தினான்,
எங்களையா கடவுளையா தெரியவில்லை.
மெத்தைகளை இடையில் திணித்தோம்.
கயிறு வீசினான். கட்டினோம்.
இரண்டு படகு, ஒரே நங்கூரம்,
பின்னால் இருட்டில் பவளத்திட்டின் இரைச்சல்.

பிடித்தது.
விடியும்வரை மூவரும்
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
தீவு இருந்த இடத்திலேயே இருந்தது.

காலையில் யாரிசெலின் தம்பி அர்கெலியோ
ஒரே மூச்சில் அடிவரை போனான்.
மேலே வந்தவன் பேசவில்லை.
கன்னத்தில் உள்ளங்கை வைத்துத்
தலையைச் சாய்த்துக் காட்டினான்.
உங்கள் நங்கூரம் மணலில் தூங்குகிறது.
பிறகு தன் முழங்கையைப் பிடித்துக் காட்டினான்.
இத்தனை தடிமனில் ஒரு சங்கிலி,
பாதி பவளமாகிவிட்ட பழைய சங்கிலி,
அதன் வளையத்தில் உங்களுடையது சிக்கியிருக்கிறது.
உள்ளே ஒரு மீன் குடியிருக்கிறது.

யாருடைய சங்கிலி?
தீவில் யாருக்கும் தெரியவில்லை.
யாரிசெல் தோளைக் குலுக்கினாள்.
அவகாடோ ஒரு டாலர்,
முங்கியதற்கு ஐந்து.

எட்டு மாதம், ஒவ்வொரு மாலையும்
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்:
நங்கூரம் நன்று.
ஐவார் அதை வாங்கிப் புரட்டினான்,
என் கையெழுத்தை முதல்முறை பார்ப்பவன்போல.
எடுத்து வேறிடத்தில் ஒழுங்காய்ப் போடலாம் என்றான்.
போடலாம் என்றேன்.
லுபோமிர் எங்கள் கெட்டிலில்
இன்னொரு காப்பி போட்டான்.
கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

மாலை காற்று திரும்பியது.
கீழே எதுவோ கரகரத்தது,
எங்களுடையதோ மற்றதோ.
எழுதினேன்:
நங்கூரம் தூங்குகிறது.
தண்ணீர் அறுபது லிட்டர்.
அவகாடோ நான்கு, ஒன்று பழுத்தது.