மூன்றாம் பக்கம்

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
இரும்புக் கடைக்கும் நம்பர் கடைக்கும் நடுவே
எட்டடி அகலம் என் போட்டோஸ்டாட் கடை.
செம்பனை லாரி திரும்பும்போதெல்லாம்
கண்ணாடி அதிரும்; மெஷின் நடுங்கும்;
சில பிரதிகளில் எழுத்து இரட்டிக்கும்.

வியாழன் காலை, பத்தரை இருக்கும்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.
நடையிலேயே தெரிந்துவிட்டது.
இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கும் அந்த நடை,
ஆறு வருடமாய்
கம்பிவேலியில் முகம் பதித்து
நான் மனப்பாடம் செய்த நடை.
லோகேந்திரன். பத்தொன்பதாம் எண்.

“அண்ணே, இது மூணு செட்.”

என் பெயர் தெரியாது அவனுக்கு.
அவன் முட்டி பிசகிய வருடம்
மாரியம்மன் கோயிலில்
நான் மொட்டை போட்டதும் தெரியாது.
எதுக்கு வேண்டுதல் என்று மனைவி கேட்டாள்.
வியாபாரத்துக்கு என்றேன்.

மூடியைத் தூக்கிக் காகிதத்தைக் கவிழ்த்தேன்.
கவிழ்ப்பதற்குள் கண் படித்துவிட்டது.
இந்தத் தொழிலின் சாபம் அது:
ஊரில் யாருக்கு விவாகரத்து,
யார் வீட்டில் பேங்க் கைவைத்தது,
எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும்.

ஜொகூர் பக்கம் ஒரு கிளப்.
இரண்டு வருட ஒப்பந்தம்.
இங்கே வாங்குவதைப் போல் ஐந்து மடங்கு,
வீட்டு வாடகை தனி.
கடைசி நாள், நாளை.

பச்சை வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது.
போன வருடம் சிரம்பான்காரர்களோடு ஆடியபோது
எண்பத்தெட்டாவது நிமிடம்
சேற்றிலிருந்து எழும்பித் தலையால் முட்டினான்.
பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத
மலாய்க்காரப் பெரியவர்
என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.
இப்போதும் பஸ் நிலையத்தில் பார்த்தால்
புருவத்தை மட்டும் தூக்கிக்கொள்வோம்.

மூன்றாம் பக்கம் வந்தது.
கீழே புள்ளிக் கோடு. வெறுமையாக.
கையெழுத்துப் போட மறந்திருக்கிறான்.

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும்.
படிவம் திரும்பி வரும்.
கெடு முடிந்திருக்கும்.
இன்னொரு பருவம்
சனிக்கிழமைகளில் கடையைச் சீக்கிரம் மூட
எனக்கு ஒரு காரணம் இருக்கும்.

மெஷின் மூன்று முறை பெருமூச்சு விட்டது.
அவன் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்:
“அம்மாவுக்கு இன்னும் சொல்லல.
மில்லு ஷிப்டு முடியட்டும்.”

“தம்பி,” என்றேன்,
“மூணாம் பக்கத்துல சைன் விட்டுட்டீங்க.”

என் பேனாவால்தான் போட்டான்.
நீளமான ஒரு லோ, கடைசியில் சுழி.
மறுபடி மூன்று பிரதி.
“எவ்ளோண்ணே?”
“ஒரு வெள்ளி அம்பது காசு.”
கெட்டுப்போன மூன்று தாளையும்
சேர்த்துத்தான் சொன்னேன்.
வேண்டாம் தம்பி, வச்சிக்க என்றிருக்கலாம்.
அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை.
கையெழுத்தில்லாத அந்த மூன்றும்
இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

சனிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.
சிம்மாதிரி மகனும் கூட்டாளிகளும்
பன்னிரண்டடி பேனர் அடிக்க வந்தார்கள்.
சிவப்பு மை. இருப்பதிலேயே பெரிய எழுத்து.
சிகரெட் அட்டையில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள்:
துறோகி.

இருபத்திரண்டு வருடமாய்
இந்த ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில்
ரகரம் றகரம் பார்த்துத் திருத்துகிறவன் நான்.
பேனாவை எடுத்தேன்.
அதே பேனா.
மூடி வைத்தேன்.

“அப்படியே அடிக்கவா?”
“அப்படியே அடிங்கண்ணே.”

இரவு, பாடாங்கில், விளக்கு வெளிச்சத்தில்
அதைத் தூக்கிப் பிடித்தபோது
ஒரு முனை என் கையில் இருந்தது.