பொடி வைத்து ஊதியது

வண்டிப்பெரியாறு பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஏலக்காய்க் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே
ஆறுக்கு எட்டு என் பட்டறை.
கொலுசுக்குத் திருகு, அரைஞாணுக்குப் பற்று,
மாதா கிரீடத்தில் கழன்ற நட்சத்திரம்.
‘ஆசாரி இல்லையா?’ என்று எட்டிப் பார்ப்பவர்களிடம்
ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே
தலையாட்டுவேன்.
இல்லை என்றோ, நான்தான் என்றோ
எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் கரண்டி எடைக்குத்தான் வந்தது.
பங்களா குசினிக்காரர் மகள் ஞானசெல்வி
துவரம்பருப்புப் பையில் சுருட்டிக் கொண்டுவந்தாள்.
துரை போகும்போது கொடுத்தாராம்.
கொடுத்ததோ எடுத்ததோ,
தராசு அதையெல்லாம் கேட்பதில்லை.
மூசைக்குப் போன கை
பாதியில் நின்றது.
கரண்டியின் நுனி வலப்பக்கமாய்த் தேய்ந்திருந்தது.
வலக்கைக்காரர் தின்றால் இடப்பக்கம் தேயும்.
எவளோ ஒருத்தி,
என்னை மாதிரிப் பீச்சாங்கைக்காரி,
ஆயுசுக்கும் இதில் கஞ்சி குடித்திருக்கிறாள்.
உருக்கவில்லை.
வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது போர்ன்விட்டா டப்பாவில் பதினான்கு.
மட்டாஞ்சேரி ஜோப்பன் பழஞ்சாமான் தேடி
மாதம் ஒருமுறை மலையேறி வருவான்.
நாலு ஜெராக்ஸ் தாள் கொடுத்துவிட்டுப் போனான்.
நடக்கிற சிங்கம், வெள்ளி சுத்தம்.
(சிங்கமா அது? தயிர்ச்சட்டியைத் தேடும் பூனை.)
சிறுத்தை முகம், லண்டன்.
ராஜா தலை இருந்தால் வரி கட்டியாயிற்று.
காம்பு ஒடிந்த ஒன்றில் மட்டும்
ராஜாவைக் காணோம்,
சாய்சதுரத்துக்குள் இரண்டு எழுத்து
பாதி தேய்ந்து கிடந்தது.
‘அது பெண்ணுங்க போடறது சேச்சி.
புருஷன் செத்து, பட்டறை கைக்கு வந்தா.’
தாலி அறுத்ததற்கும் ஒரு முத்திரையா என்று
சிரித்தேன்.
அன்று முழுக்க அந்தக் கரண்டி
என் இடுப்பில்தான் இருந்தது.

ஒரு மழைக்காலம் கரண்ட் இல்லாத நாட்களில்
பால் குடுவை ஒன்று அடித்தேன்.
மூன்று கால், குருவி அலகாய் மூக்கு,
தாளில் இருந்த படம் மாதிரி.
ஜோப்பன் அதைத் திருப்பினான், தட்டினான்,
காதில் வைத்துக்கூடக் கேட்டான்.
பிறகு கதவை ஒருக்களித்துவிட்டு
மெல்லச் சொன்னான்:
ஒடிந்த கரண்டியின் முத்திரைகளை வெட்டியெடுத்து
குடுவை அடியில் பதித்துவிடு.
அறுபதாயிரம்.
‘ஆரும் அறியில்லா சேச்சி.’

செய்தேன்.
எதற்கு மறைக்க, நன்றாகவே செய்தேன்.
வெங்காரம் தடவி, பொடி வைத்து,
மூச்சைப் பிடித்து ஊதி,
அரம் போட்டு, புளி போட்டு,
நகத்தால் தேடினாலும் சந்து அகப்படாது.
எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.
வெள்ளி மேல் வாயை வைத்து
ஹா என்று ஊதினால் போதும்.
மேலே படியும் ஆவியில்
பற்று வைத்த கோடு எழுந்துவரும்,
ஒரு கணம்,
பிறகு மறையும்.
கைப்பிடிக்கு உள்பக்கம்
விரல் மட்டும் போகிற இடத்தில்
ஒரு உ.
பார்த்தால்
பிள்ளையார் சுழி என்பார்கள்.
உலகம்மாளில் முதல் எழுத்தும் அதுதான்.

எந்த ஊர்க் கண்ணாடி அலமாரியில் நிற்கிறதோ.
துடைக்கிற பெண் யாராவது
பழக்கதோஷத்தில் ஊதித் துடைப்பாள்.
சொல்வாளோ, துணியை மடித்துக்கொண்டு
அடுத்ததற்குப் போவாளோ.

மிச்சக் கரண்டி என்னிடம்தான்.
காம்பு குட்டை, முத்திரை கிடையாது.
எஸ்டேட் தூள்தேநீரில்
இடக்கையால் சீனி கலக்குகிறேன்.
இந்த மாத வாடகை கொடுத்தாயிற்று.
குமுளி பஸ் ஹாரன் அடிக்கிறது.
கொலுசோடு யாரோ படியேறுகிறார்கள்,
ஒரு காலில் மட்டும் சத்தம்.